ஒற்றைச் சீட்டுக் குலுக்கல்

மனித குலம் இதுவரை இயற்றிய சட்டங்களெல்லாம் அடுத்தவனைப் பூட்டி வைப்பதற்காகவே இயற்றப்பட்டவை. குடிமகன் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் உரிமையை வழங்கி, அதற்கொரு படிவத்தையும் அச்சடித்து, அந்தப் படிவம் எவன் கண்ணிலும் பட்டுவிடாதபடி நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறையில் பத்திரப்படுத்திய பெருமை, அமெரிக்காவின் மேற்கு மலைகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் பெல்க்கி மாவட்டத்துக்கே உரியது.

சட்டத்தின் பெயர் 'தன்விருப்ப விலக்குப் பட்டியல்'. விஷயம் எளிது. ஒரு கெட்ட வேளையில் தன் கையே தனக்கு எதிரியாகிவிடுமோ என்று பயப்படுகிறவன், நல்ல வேளையில் வந்து தன் பெயரைத் தானே எழுதிக் கொடுக்கலாம். அதன்பின் மாநிலத்தில் எந்தக் கடையிலும் அவனுக்குத் துப்பாக்கி விற்க முடியாது. கணினியில் பெயரைத் தட்டினால் சிவப்பு எரியும். மனம் மாறினால் இன்னொரு படிவம் கொடுத்து, இருபத்தொரு நாள் காத்திருந்து, பெயரை எடுத்துக்கொள்ளலாம். கெட்ட வேளை பெரும்பாலும் அவ்வளவு நாள் தாங்காது என்று படித்தவர்கள் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் டெல் பிக்கெட். 'பிக்கெட் அடகு, நகை, துப்பாக்கி' என்ற நிறுவனத்தின் உரிமையாளன். பேரம் எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது. எனக்கு ஞானஸ்நானம் செய்துவைத்த பாதிரியாரிடம், "ரெண்டு பிள்ளைக்குச் சேர்த்துச் செஞ்சா என்ன குறைப்பீங்க?" என்று கேட்டவர் என் அப்பா. என் கடையில் ஒருவன் துப்பாக்கி வாங்கிக்கொண்டு வெளியேறச் சராசரியாகப் பதினோரு நிமிடம் ஆகும். காப்பி இலவசம். எதிரே இருக்கும் பர்கர் கடையில் வெங்காயம் வேண்டாம் என்று சொல்லிப் புரிய வைக்க அதைவிட நேரமாகும்.

என் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் இரண்டு பொருள்கள் தொங்குகின்றன. ஒன்று, இந்த ஊரில் எல்லாக் கடையிலும் தொங்கும் அறிவிப்பு: 'எவருக்கும் விற்க மறுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு'. இன்னொன்று, அதன் கீழே ஒரு கரும்பலகை. அதில் ஏழு பெயர்கள். விற்பனைக்குத் தரையில் வைத்திருந்த மான் தலைப் பதுமையின் மீது தன் நாய் காலைத் தூக்கியபோது சிரித்த ஒருவன். எதிரி ஊர்க் கால்பந்து அணியின் தொப்பியோடு உள்ளே வந்த ஒருவன். தேவாலயத்துச் சில்லி இறைச்சிக் குழம்புப் போட்டியில் என் குழம்புக்கு உப்புக் குறை என்று தீர்ப்பெழுதி மூன்றாம் இடத்துக்குத் தள்ளிய நடுவர். இப்படி. இந்த ஏழு பேருக்கும் என் கடையில் ஒரு ஆணிகூடக் கிடைக்காது. கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மாவட்டப் 'பொதுப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு'வில் நானும் ஓர் உறுப்பினன். துப்பாக்கியிலிருந்து மக்களைப் பாதுகாப்பது எப்படி என்று துப்பாக்கி விற்கிறவனிடம்தானே கேட்க வேண்டும்? குழுத் தலைவர் எங்கள் மாவட்ட நிர்வாக ஆணையர் ராண்டல் ஸ்டவுட். ஆறடி உயரம், அரையடி மீசை. சட்டம் வந்த அன்றே அவர் எச்சரித்தார்.

"இன்னைக்குத் தன்விருப்பம்னு சொல்லுவாங்க. நாளைக்கு ஒவ்வொருத்தன் வீட்டுக் கதவையும் தட்டி, 'உனக்கு விருப்பம் இருக்கா'ன்னு கேப்பாங்க. அதனால, நம்ம மக்கள் அவசரப்பட்டு சுதந்திரத்தை இழந்துடாம நாமதான் பாத்துக்கணும்."

அப்படியே பார்த்துக்கொண்டோம். பதிவு செவ்வாய்க்கிழமை மட்டும். காலை பத்து முதல் பதினொன்றரை வரை. இடம் நிலவறை, கொதிகலனுக்குப் பக்கத்து அறை. பொறுப்பாளர் கிளாடிஸ் அம்மையார். நாய் உரிமமும் அவர்தான் தருகிறார். அடையாளத்துக்கு வேட்டை உரிமச் சீட்டு, அல்லது கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமச் சீட்டு காட்ட வேண்டும்.

"துப்பாக்கியே வேண்டாம்னு சொல்ல வர்றவன்கிட்ட துப்பாக்கி உரிமம் எப்படிங்க இருக்கும்?" என்று கிளாடிஸ் கேட்டார்.

"வாங்கிட்டு வரட்டும்," என்றார் ஆணையர்.

செப்டம்பரில் திறந்தோம். நவம்பர் வரை பட்டியலில் பூஜ்யம். பெல்க்கி மாவட்ட மக்களின் மன ஆரோக்கியத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் ஒருவன் வந்தான். ஆரின் டிவெட்.

ஆரினும் நானும் பள்ளிக் கால்பந்து அணியில் ஒன்றாக அடிபட்டவர்கள். மாவட்டப் பட்டறையில் பனி வாரும் வண்டிகளைப் பழுது பார்க்கிறான். தீயணைப்பு நிலையத்துக் கருவிகளும் அவன் பொறுப்பு. மனைவி இறந்து மூன்று வருடம். கோடையில் அவன் எல்லோரையும் போலத்தான். பனி விழத் தொடங்கினால் பேச்சு குறையும். பிப்ரவரியில் பேச்சே இருக்காது. பதிவு திறப்பதற்கு முந்தைய பிப்ரவரியில் என் கடைக்கு வந்து ஒரு கைத்துப்பாக்கி வாங்கினான். பதினோரு நிமிடம். மறுநாள் காலை அவன் அக்கா நோலா அதைக் கொண்டுவந்து என் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்காக. கண்ணாடியில் இன்னும் கீறல் இருக்கிறது. நான் பெருந்தன்மையோடு திரும்ப எடுத்துக்கொண்டேன். பயன்படுத்திய பொருள் என்பதால் பாதி விலைக்கு.

அந்த ஆரின்தான் மூன்று செவ்வாய்க்கிழமை நிலவறைக்கு இறங்கினான். முதல் முறை கிளாடிஸ் பல் மருத்துவரிடம் போயிருந்தார். இரண்டாம் முறை அடையாளம் இல்லை. மூன்றாம் முறை, அவன் நன்றாக இருந்த காலத்து வேட்டை உரிமத்தைத் தேடி எடுத்து வந்தான்; அது காலாவதியாகியிருந்தது.

"புதுப்பிச்சுட்டு வா கண்ணு," என்றாராம் கிளாடிஸ். "நான் என்ன பண்ணட்டும்? படிவத்துல அப்படித்தான் இருக்கு."

நேரே என் கடைக்கு வந்தான்.

"டேய் டெல், நீதான் அந்தக் குழுவுல இருக்கியே. பிப்ரவரி வர்றதுக்குள்ள என் பேரு அதுல ஏறணும்டா."

"என்னடா அவசரம்? இப்ப நல்லாத்தானே இருக்க?"

"நல்லா இருக்கும்போதுதாண்டா எழுத முடியும். அப்புறம் எழுதத் தோணாது. எனக்கு என்னைத் தெரியும்."

குழுவில் எடுத்துச் சொல்வதாக வாக்களித்தேன். காப்பி கொடுத்தேன். எனக்கு அவன்மேல் மிகுந்த அக்கறை.

அதே வாரம் மாநிலத் தலைநகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லாத மாவட்டத்துக்கு அடுத்த ஆண்டு 'பொதுப் பாதுகாப்பு நிதி' கிடையாது என்றது கடிதம். அந்த நிதியில்தான் குதிரைப் பந்தய அரங்குக்கு விளக்குப் போடுவதாக இருந்தோம். ஆணையர் அவசரக் கூட்டம் கூட்டினார். குடிமக்களின் உயிர்மேல் அவருக்கு அப்படியொரு பாசம் திடீரென்று பொங்கியது.

"ஆள் வேணும். கூட்டமா வேணும். தீயணைப்புப் படையோட பேன்கேக் விருந்து வர்ற சனிக்கிழமைதானே? அங்க ஒரு மேசை போடுவோம்."

"அடையாளச் சீட்டு?" என்றார் கிளாடிஸ்.

"மூஞ்சியே போதும். நம்ம ஊர்ல யாருக்கு யாரைத் தெரியாது?"

"சும்மா யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்களே."

"குலுக்கல் வை," என்றார் ஆணையர்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளி வாத்தியக் குழுவுக்குச் சீருடை வாங்கவா? ரைஃபிள் குலுக்கல். தேவாலயக் கூரை ஒழுகுகிறதா? ரைஃபிள் குலுக்கல். குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சையா? இரண்டு ரைஃபிள். குலுக்கல் என்றால் எங்களுக்கு வேறு பரிசு தோன்றுவதே இல்லை. சுவரொட்டியில்கூட ரைஃபிள் படம் நிரந்தரமாக அச்சாகி இருக்கும். எதற்காகக் குலுக்கல் என்பதை மட்டும் மேலே ஒட்டிக்கொள்வோம்.

ஆகவே, 'தன்விருப்ப விலக்குப் பட்டியலில் கையெழுத்திடுவோருக்கு மட்டும்: மாபெரும் குலுக்கல்!' என்று ஒட்டினோம். கீழே ரைஃபிள்.

கிளாடிஸ் மட்டும் சுவரொட்டியைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "ராண்டல், எனக்கு ஒரு சந்தேகம். துப்பாக்கி வேண்டாம்னு எழுதிக் குடுக்கிறவனுக்குத் துப்பாக்கியா?"

"வேற என்ன? உப்புப் போட்ட பன்றித் தொடையா? தொடைக்காக எவன் வருவான்?"

"நான் அதைச் சொல்லலைங்க..."

"கிளாடிஸ், நீங்க நாய் உரிமத்தைப் பாருங்க."

எனக்கும் ஏதோ நெருடத்தான் செய்தது. ஆனால் தீயணைப்புப் படை அந்த ரைஃபிளை என்னிடம்தான் வாங்கியது. விற்ற பொருளைப் பற்றிச் சந்தேகம் எழுப்புவது எங்கள் குலத்தில் வழக்கமில்லை. வால்நட் மரக் கட்டை, கையால் செதுக்கிய மான். நானே எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை தீயணைப்பு நிலையத்தில் எள் போட இடமில்லை. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீள மேசைகள் போட்டிருந்தார்கள். முந்நூறு பேர் பேன்கேக்கும் பன்றி இறைச்சியும் தின்றுகொண்டிருந்தார்கள். மூலையில் கிளாடிஸின் மேசை. பலூன்கள். 'உங்கள் பெயர் ரகசியமாக வைக்கப்படும்' என்ற பதாகை. அதன் அருகே ஒலிபெருக்கியுடன் ஆணையர்.

ஒரு மணி நேரம் அந்த மேசைக்கு யாரும் போகவில்லை. பலர் ரைஃபிளைத் தடவிப் பார்த்தார்கள். நிபந்தனையைப் படித்தார்கள். அடுத்த பேன்கேக்குக்குப் போய்விட்டார்கள். பிறகு ஆரின் பேன்கேக் வரிசையை விட்டு விலகி மூலைக்கு நடந்தான். நோலா பின்னாலேயே வந்தாள். அவன் தலையைக் குனிந்து கையெழுத்திட்டு முடிப்பதற்குள் ஒலிபெருக்கி முழங்கியது.

"நமது முதல் வீரர்! ஆரின் டிவெட்! பட்டறை ஆரின்! எல்லாரும் கை தட்டுங்க!"

முந்நூறு முகங்கள் திரும்பின. முந்நூறு முள்கரண்டிகள் பாதி வழியில் நின்றன. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படமெடுத்தார்.

"ரகசியம்னு எழுதியிருக்கே," என்றாள் நோலா.

"ஆமா, பட்டியல் ரகசியம்தான்," என்றார் ஆணையர். "இது விழா."

ஆரின் காது வரை சிவந்துபோய் என் எதிரே வந்து உட்கார்ந்தான். ஆனால் உட்கார்ந்ததும் தோள் இரண்டும் இறங்கின. ஐந்து பேன்கேக் தின்றான். "முடிஞ்சுதுடா," என்றான். "மூணு வருஷமா ஒரு கதவு திறந்தே கிடந்த மாதிரி இருந்துச்சு. இன்னைக்குச் சாத்திட்டேன்."

நான் அவனுக்குத் தேன்பாகை நகர்த்தினேன்.

பதினொரு மணிக்குக் குலுக்கல். பீப்பாயைக் கொண்டுவந்தார்கள். உள்ளே ஒரே ஒரு சீட்டு. இதை வைத்து நீங்கள் எங்களைக் குறைவாக எடைபோட்டுவிடக் கூடாது. முறை என்றால் முறை. பாதிரியார் பீப்பாயை மூன்று தரம் சுழற்றினார். சீட்டு உள்ளே தனியாகச் சறுக்கி விழும் ஓசை கூடம் முழுக்கக் கேட்டது. அவர் கண்களை மூடி, கையை விட்டு, சற்று நேரம் துழாவினார். எடுத்தார். ஆணையரிடம் கொடுத்தார். ஆணையர் மூச்சைப் பிடித்து, கூட்டத்தை ஒரு முறை பார்த்து, பிரித்தார்.

"வெற்றியாளர்... ஆரின் டிவெட்!"

"அதிர்ஷ்டக்காரன்!" என்று என் பின்னால் ஒருவர் பெருமூச்சு விட்டார்.

ஆரின் எழுந்திருக்கவில்லை. "எனக்கு வேண்டாம்," என்றான்.

"என்ன அடக்கம் பாருங்க!" என்றார் ஆணையர். கைதட்டல்.

நோலா ஆணையரின் முன்னால் போய் நின்றாள். "யோவ் ராண்டல், மூளை இருக்காய்யா உனக்கு? இனிமே துப்பாக்கி என் கைக்கு வரவே கூடாதுன்னு இப்பதான் எழுதிக் குடுத்திருக்கான். அந்தக் கையிலயே குடுக்கிறியே!"

ஆணையருக்கு லேசாக வியர்த்தது. கூட்டத்தில் என்னைத் தேடினார். "டெல், நீதான் தொழில்காரன். சட்டம் என்ன சொல்லுது? இது விற்பனையா?"

முந்நூறு முகங்கள் இப்போது என்னைப் பார்த்தன. ஆரினும் பார்த்தான். எனக்கு உண்மையைத் தவிர வேறு பேசத் தெரியாது.

"விற்கக் கூடாதுன்னுதான் சட்டம் சொல்லுது," என்றேன். "பரிசு விற்பனை ஆகாது. கணினியில பேரைத் தட்ட வேண்டிய அவசியமும் இல்லை."

கைதட்டல் முன்பைவிடப் பலமாக இருந்தது. ரைஃபிளைக் கொண்டுவந்து ஆரின் மடியில் வைத்தார்கள். படமெடுத்தார்கள்.

"சரி, நீயே எடுத்துக்கோ," என்றாள் நோலா என்னிடம். "இப்பவே எடுத்துட்டுப் போ. காசு வேண்டாம்."

நான் எடுத்திருக்கலாம். ஆனால் வாய் முந்திக்கொண்டது, பரம்பரை வாய். "இருந்தாலும் அக்கா, கை மாறின பொருள். பாதி விலைதான் போட முடியும்..."

ஆரின் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு எழுந்தான். ரைஃபிளைப் பாம்பைப் பிடிப்பதுபோல் உடம்புக்கு எட்டப் பிடித்துக்கொண்டு சுவர் அலமாரிக்கு நடந்தான். விபத்தில் நசுங்கிய காரை அறுத்து உள்ளே சிக்கியவனை வெளியே எடுக்கும் இயந்திரக் கத்தரி ஒன்று அங்கே இருக்கிறது. அதை மாதந்தோறும் எண்ணெயிட்டுப் பழுது பார்ப்பவன் அவன்தான். விசையைத் தட்டினான். உறுமியது. குழலைக் கத்தரியின் வாயில் வைத்தான். ஒரு துண்டு. இரண்டாம் துண்டு. மூன்றாவதாக, வால்நட் மரமும் செதுக்கிய மானும்.

கூடத்தில் எழுந்த அழுகுரலை நான் என் வாழ்நாளில் மறக்க முடியாது. பல ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதிரியார் அனிச்சையாக ஜெபப் புத்தகத்தைத் தேடினார். அவன் மனைவியை அடக்கம் செய்த அன்று இதில் பாதிக் கண்ணீர்கூட இந்த ஊரில் விழவில்லை.

"உயிரைக் காப்பாத்தற கருவிடா அது!" என்று கத்தினார் ஆணையர்.

"ஆமா," என்றான் ஆரின். விசையை அணைத்து, கத்தரியைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தான்.

மாவட்டம் சும்மா இருக்குமா? அரசுக் கருவியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியதற்காக ஆரினுக்கு இரண்டு வாரம் பணியிடை நீக்கம். அடுத்து மாவட்ட வழக்கறிஞரின் கடிதம். அதை நான் ஒரு சட்ட இலக்கியம் என்றே கருதுகிறேன். 'பரிசு அறிவிக்கப்பட்ட மேசையில் இடப்பட்ட கையெழுத்து, பரிசின் மீதுள்ள ஆசையால் இடப்பட்டதாகவே கருதப்படும். ஆசையால் இட்ட கையெழுத்து தன்விருப்பம் ஆகாது. ஆகவே தங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. தாங்கள் விரும்பினால் மீண்டும் முறைப்படி விண்ணப்பிக்கலாம்.'

அதற்குள் மாநிலத்துக்கு அறிக்கை போய்விட்டது. 'பதிவு செய்தோர்: ஒன்று. பதிவு செய்தோருக்கு விற்கப்பட்ட துப்பாக்கி: பூஜ்யம். வெற்றி: நூறு சதவீதம்.' குதிரை அரங்குக்கு விளக்கு வந்தது. ஆணையருக்கு ஒரு கேடயம் வந்தது. நிலவறையில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்ததால் பதிவு அறை ஏப்ரல் வரை மூடப்பட்டது.

பிப்ரவரி வந்தது.

இரண்டாம் வாரம், வியாழக்கிழமை, நான் கடையைத் திறந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். ஆரின் உள்ளே வந்தான். காலணியில் பனி. சவரம் செய்து பல நாள். வெளியே நோலாவின் வண்டி, இயந்திரத்தை நிறுத்தாமல் புகை விட்டுக்கொண்டு நின்றது. அவன் கண்ணாடி மேசையின் கீறலைப் பார்த்தான். அதற்குக் கீழே வரிசையாக இருந்தவற்றைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கப் பாடுபட்டான்.

"டெல், ஒண்ணு கேக்கணும்."

"கேளுடா."

"நான் வந்து கேட்டா, விக்காதே."

எனக்குப் புரியவில்லை. "என்னது?"

"அடுத்த வாரமோ, ராத்திரியோ பகலோ, நான் வந்து துப்பாக்கி குடுன்னு கேட்டா, இல்லைன்னு சொல்லு. சிரிச்சுக்கிட்டுக் கேட்டாலும் சொல்லு. மத்த மூணு கடையிலயும் கேட்டுட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாங்க."

"ஆரின், அது... உன் பேரு இப்பப் பட்டியல்ல இல்லையே. கணினியில பச்சை காட்டுமே. சட்டம் அனுமதிக்கிறப்ப, ஒரு வாடிக்கையாளரோட உரிமையை நானா எப்படி..."

"போன பிப்ரவரி நான் இங்க நின்னேன். என் மூஞ்சியைப் பாத்தியா இல்லையா?"

காப்பி இயந்திரம் கொதித்தது. முந்தைய பிப்ரவரியில் அவன் முகத்தை நான் பார்க்காமலில்லை. பார்த்தேன். கால்பந்து மைதானத்தில் அவன் கால் முறிந்த அன்றுகூட அப்படியொரு முகத்தை நான் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு, "ஒரு பெட்டித் தோட்டா சேர்த்து எடுத்தா தள்ளுபடி உண்டு" என்று சொன்னதும் நினைவிருக்கிறது.

"வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றேன்.

ஆரின் சிரித்தான். அந்தக் குளிர்காலத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான். என் தலைக்கு மேலே, சுவரில் இருந்த அறிவிப்பை நிதானமாக வாசித்தான். பிறகு அதன் கீழே இருந்த கரும்பலகையை.

"நாய் காலைத் தூக்கினப்ப சிரிச்சவன். தொப்பி போட்டவன். உப்புக் குறைன்னவர். இவங்களையெல்லாம் வெளிய நிறுத்த எந்த வக்கீலைடா கேட்ட?"

மேசையைச் சுற்றி உள்ளே வந்தான். சாக்பீஸை எடுத்து ஏழாவது பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான். எழுத்து கோணலாக இருந்தது. கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு வெளியே போனான். நோலாவின் வண்டிக் கதவு சாத்தும் ஓசை கேட்டது.

அந்தப் பெயரை நான் அழிக்கவில்லை. இதை என் நற்குணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பனி உருகிவிட்டது. ஆரின் பட்டறையில் அடுத்த குளிர்காலத்துக்கு வண்டிகளைத் தயார் செய்கிறான். நோலா இன்னும் காலையிலும் மாலையிலும் அவனுக்குத் தொலைபேசியில் பேசுகிறாள். அதற்கு அவளுக்கு யாரும் படிவம் கொடுக்கவில்லை. கரும்பலகையைப் பார்க்கும் வாடிக்கையாளர்கள், "ஆரின் என்ன தப்புப் பண்ணினான்?" என்று கேட்கிறார்கள். நான் காப்பி ஊற்றிக் கொடுக்கிறேன்.

எப்படியிருந்தாலும், தன்விருப்ப விலக்குப் பட்டியல் எங்கள் மாவட்டத்துக்கு மிக மிக அவசியமான சட்டம் என்பதை மறுபடியும் வலியுறுத்துகிறேன். என் குழம்பில் உப்புக் குறை என்றவரை வெளியே நிறுத்த எனக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. சாக வந்தவனுக்கு "இல்லை" என்று சொல்லத்தான் தேவைப்பட்டது.